ஒற்றை அறை வீட்டில் புகையில்லா அடுப்பு: குறைந்த செலவில் செய்துகொள்ள வழி

திருமலைக்கு நடந்து போகிறவர்கள் முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டுப் புறப்படும் இடம் அலிபிரி. ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தூரம், 3,550 படிகள். அந்த யாத்திரிகர்களை நம்பித்தான் அடிவாரத்தில் எத்தனையோ பேருடைய பிழைப்பு நடக்கிறது. பூக்கட்டுவோர், ஓட்டல் சிப்பந்திகள், தேங்காய்க் கடையில் நிற்போர், லாரி புக்கிங் ஆபீசில் கணக்கெழுதுவோர் என்று ஊரை விட்டு வந்த தமிழர்களும் அவர்களுள் உண்டு. இவர்களில் பலருக்குக் கிடைக்கும் வாடகை வீடு ஒரே ஓர் அறைதான். அதுவே கூடம், அதுவே படுக்கை, அதுவே சமையற்கட்டு. விருந்தாளி வந்தால் பாய் விரிப்பதும் அங்கே, பிள்ளை பாடம் படிப்பதும் அங்கே, அடுப்பெரிப்பதும் அங்கேயே.

அடுப்பு என்றால் இன்று பெரும்பாலும் காஸ் அடுப்புதான். ஆனால் காஸ் இருக்கும் வீட்டிலும் மண்ணடுப்பு முற்றாக மறைந்துவிடவில்லை. குளிக்க வெந்நீர் போட, பருப்பும் கொண்டைக்கடலையும் வேக வைக்க, மாதக் கடைசியில் சிலிண்டர் தீர்ந்துபோன நான்கைந்து நாட்களைத் தள்ள, விறகு அடுப்பே கைகொடுக்கிறது. கடைக்காகப் புளியோதரையோ சுண்டலோ வீட்டில் செய்து எடுத்துப்போகிறவர்களுக்குப் பெரிய பாத்திரத்துக்கு விறகு அடுப்புதான் கட்டுப்படியாகிறது.

இந்த அடுப்பைக் குறைந்த செலவில் எப்படிச் சீர்செய்துகொள்வது என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை. செங்கல் ஒட்டி, ஓடு பதித்து, வர்ணம் பூசி அழகு செய்யும் யோசனை இதில் இல்லை. கையில் இருப்பது சொற்பப் பணம்தான் என்றால், அதில் முதல் ரூபாய் புகை வெளியே போவதற்கான வழிக்குச் செலவாக வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மலைமேல் மாறிய அடுப்பு

அடுப்பை மாற்றுவது ஏதோ புதுமோகம் என்று நினைக்க வேண்டாம். ஏழுமலையான் கோயிலின் மடைப்பள்ளியான ‘போட்டு’வில் லட்டுப் பிரசாதம் 1984 வரை விறகுத் தீயில்தான் தயாரானது. அதன் பிறகே அங்கு காஸ் வந்தது. 2002-ம் ஆண்டில் திருமலையில் சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கிச் சமைக்கும் பெரிய ஏற்பாடு ஒன்றும் அமைக்கப்பட்டது. சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் 106 கிண்ண வடிவக் கண்ணாடிகள் நீராவி உண்டாக்க, சுமார் 15,000 பேருக்குச் சமைக்கும் அளவில் அது திட்டமிடப்பட்டது. ஆசாரம் மிகுந்த திருமலையிலேயே அடுப்பு காலத்துக்கேற்ப மாறியிருக்கிறது. அடிவாரத்து ஒற்றை அறையில் அது மாறக் கூடாதா?

மாற வேண்டியதன் அவசரம் இங்கேதான் அதிகம். மடைப்பள்ளிக்கு உயர்ந்த கூரை உண்டு, புகை போக வழி உண்டு. பத்துக்குப் பத்து அறையில் புகைக்குப் போக்கிடம் ஏது? அது முதலில் சமைப்பவளின் கண்ணுக்கும் மார்புக்கும் போகிறது. பிறகு தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் மூச்சில் கலக்கிறது. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, சாணவறட்டி, மண்ணெண்ணெய் முதலியவற்றின் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நிமோனியா, நாள்பட்ட மூச்சடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்று ஆகியவற்றுக்கு இந்தப் புகை ஒரு காரணம். பல வருஷம் புகையில் நின்று சமைக்கும் பெண்களுக்குக் கண்புரை வரும் அபாயமும் கூடுகிறது. “கண் எரிச்சல்தானே, பழகிப்போச்சு” என்று வீட்டில் சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது.

முதலில் காஸ் கிடைக்குமா என்று பாருங்கள்

விறகு அடுப்பை எவ்வளவு திருத்தினாலும் அது காஸ் அடுப்புக்கு ஈடாகாது. ஆகவே, காஸ் வாங்க வழியிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் காரியம். வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் “நமக்கு இங்கே ரேஷன் கார்டு இல்லை, கேட்டால் தரமாட்டார்கள்” என்று ஏஜென்சிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, மத்திய அரசின் உஜ்வலா திட்டம். 2016-ம் ஆண்டு மே 1-ந் தேதி தொடங்கிய இத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி தொடங்கியது. அப்போது, பிழைப்புக்காக இடம்பெயர்ந்தவர்கள் ரேஷன் கார்டும் முகவரிச் சான்றும் காட்டத் தேவையில்லை, தாங்களே எழுதிக் கையொப்பமிட்ட உறுதிமொழி போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. ஏழைக் குடும்பத்துப் பெண் பெயரில்தான் இணைப்பு தருவார்கள். புதிய விண்ணப்பம் தற்சமயம் வாங்குகிறார்களா என்பதை ஏஜென்சியிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, 5 கிலோ சிறிய சிலிண்டர். அடையாளச் சான்று ஒன்றைக் காட்டினால் போதும், முகவரிச் சான்று இல்லாமலே இதை வாங்கலாம். காஸ் ஏஜென்சிகளிலும், சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கிறது. மானியம் கிடையாது. கிலோ கணக்கில் பார்த்தால் விலை சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கும், தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்கும் இது தோது.

மூன்றாவது, ஆந்திர அரசின் தீபம் திட்டம். பழைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 1999-ல் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களுக்குக் காஸ் இணைப்பு தர ஏற்பட்டது அது. 2024-ம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய தீபம்-2 திட்டம் ஆண்டுக்கு மூன்று சிலிண்டர்களை இலவசமாகத் தருவது. இதற்கு ஆந்திர அரசின் அரிசி கார்டு வேண்டும். ஊரில் தமிழ்நாட்டுக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. பல வருஷமாக இங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்கள், ஊர்க் கார்டை ஒப்படைத்துவிட்டு இங்கே கார்டு வாங்குவது நன்மையா என்று குடும்பத்தோடு யோசித்து முடிவு செய்யலாம். இரண்டு மாநிலத்திலும் கார்டு வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம்.

இவ்வளவுக்குப் பிறகும் விறகு எரிப்பதைத் தவிர்க்க முடியாத வீடுகளுக்கானதுதான் இனி வருவது.

லண்டன் மாளிகையும் நம் அடுப்பும்

ஊட்டி, கொடைக்கானல் பங்களாக்களின் வரவேற்பறைச் சுவரில் பதித்த கணப்பு அடுப்பைச் சிலர் பார்த்திருக்கக்கூடும். குளிர் தேசத்தார் வீட்டுக்கு வீடு கட்டிக்கொண்ட சாதனம் அது. பார்க்க அழகுதான். ஆனால் 18-ம் நூற்றாண்டில் லண்டன் நகரத்துச் சீமான்கள் வீட்டுக் கணப்பு அடுப்புகள் அறைக்குள்ளேயே புகையைக் கக்கிக்கொண்டிருந்தன. சூடு முழுவதும் புகைபோக்கி வழியே போய்விடும், புகை மட்டும் வீட்டில் தங்கும்.

அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் புகழ்பெற்ற விஞ்ஞானி ரம்ஃபோர்டு பிரபு இதை ஆராய்ந்தார். அடுப்பின் வாயும் புகைபோக்கியின் கழுத்தும் தேவைக்கு மேல் அகலமாக இருப்பதே குற்றம் என்று கண்டார். புதிய அடுப்பு கட்டச் சொல்லவில்லை. இருக்கிற அடுப்புக்குள்ளேயே சில செங்கற்களை வைத்துப் பக்கச் சுவர்களைச் சாய்வாக்கி, கழுத்தைக் குறுக்கினார். புகை மேலே ஏறியது, சூடு அறையில் தங்கியது. 1796-ல் இதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். மூனிச் நகரில் ஏழைகளுக்கு உணவு சமைக்கும் கூடங்களில் திறந்த தீயை மூடிய அடுப்பாக மாற்றி விறகை மிச்சம் பிடித்தவரும் அவரே.

சீமான் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் தத்துவம் ஒன்றுதான். சூடான காற்று லேசானது, ஆகவே மேலே ஏறும். அது ஏற ஒரு குழாய் இருந்தால், ஏறும்போது கீழேயிருந்து புதுக்காற்றை இழுக்கும். அந்தக் காற்று விறகுக்கு அடியிலிருந்து வந்தால் தீ நன்றாகப் பிடிக்கும். நன்றாகப் பிடித்த தீயில் புகை குறைவு. நம் மூன்று கல் அடுப்பில் இவை எதுவுமில்லை. நாலாபுறமும் திறந்து கிடப்பதால் விறகின் சூட்டில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. மற்றதெல்லாம் அறையைச் சுட வைக்கவும், சுவரைக் கறுப்பாக்கவுமே பயன்படுகிறது.

ஐதராபாத்தில் பிறந்த புகையில்லா அடுப்பு

இந்தத் தத்துவத்தை நம் நாட்டு மண்ணடுப்பில் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. ராஜு. மூடிய மண்ணடுப்பு, வரிசையாகப் பாத்திரக் குழிகள், கடைசியில் புகைபோக்கி என்று அவர் அமைத்த அடுப்பைப் பற்றிய சிறுநூல் 1953-ல் வெளிவந்தது. லட்சக்கணக்கான ஏழைகளின் சமையலறைக்குப் புகையிலிருந்து விடுதலை என்பதே அதன் கருத்து. பிறகு பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-ல் தோன்றிய ‘அஸ்த்ரா’ பிரிவினர், 1980-களின் தொடக்கத்தில் இரும்புச் சல்லடையும் மூடும் கதவும் கொண்ட மூன்று பாத்திர அடுப்பை உருவாக்கினார்கள். கன்னடத்தில் அடுப்புக்கு ‘ஒலெ’ என்று பெயர். அதனால் ‘அஸ்த்ரா ஒலெ’ என்றே அது பிரபலமாயிற்று.

1980-களின் நடுவிலிருந்து 2002 வரை மத்திய அரசு நடத்திய தேசிய அடுப்புத் திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட சீர்திருத்த அடுப்புகள் நாடெங்கும் வழங்கப்பட்டன. நம் ஊர்களிலும் வந்து கட்டிக்கொடுத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் அவற்றில் பல சில வருஷங்கள்கூட நிற்கவில்லை. குழியின் அளவு ஒன்று, வீட்டிலிருந்த பாத்திரத்தின் அளவு வேறொன்று. பெண்கள் குழியை இடித்துப் பெரிதாக்கிக்கொண்டார்கள், இடைவெளி வழியே புகை வந்தது. குழாயில் கரி அடைத்துக்கொண்டது, சுத்தம் செய்ய யாரும் சொல்லித்தரவில்லை. ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது. முதல் வருஷம் புகை குறைந்தது. பராமரிப்பு விட்டுப்போக, பிறகு பலன் இல்லாமல் போயிற்று.

இலவசமாய்க் கிடைத்த அடுப்புகள் பாழானதிலிருந்து நமக்கு இரண்டு பாடம். உங்கள் பாத்திரத்துக்கு அளவெடுத்துக் கட்ட வேண்டும். கட்டிய பிறகு மாதாமாதம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காசில்லாமல் இன்றே செய்யக்கூடியவை

அடுப்பைத் தொடுமுன் செலவே இல்லாத சில காரியங்கள் இருக்கின்றன.

விறகு காய்ந்திருக்க வேண்டும். புதிதாக வெட்டிய விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீராக இருக்கும். அதைக் காசு கொடுத்து வாங்கி, அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே பாதித் தீயைச் செலவிடுகிறோம். புகையும் கண்ணீரும் பெரும்பாலும் இந்த ஈர விறகினால் வருபவை. இரண்டு விரல் கனத்துக்குப் பிளந்து, வெயிலில் அடுக்கி, ஒன்றோடொன்று தட்டினால் ‘டண்’ என்று சத்தம் வரும்வரை காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை இந்தப் பக்கத்தில் சாதாரணமானதல்ல. 2021 நவம்பரில் திருப்பதி வெள்ளக்காடானது யாவரும் அறிந்ததே. மழைக்காலத்துக்கு வேண்டிய விறகைப் புரட்டாசியிலேயே வாங்கி, தரையில் படாமல் செங்கல் மீது அடுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். அரிசியையும் பருப்பையும் முன்கூட்டியே ஊற வையுங்கள். சோறு முக்கால் வேக்காட்டில் இறக்கி, வைக்கோல் அடைத்த கூடையிலோ மரப்பெட்டியிலோ வைத்து மேலே கோணிப்பையால் இறுக மூடினால், மீதி வேக்காடு தானே முடிந்துவிடும். குளிக்கும் தண்ணீரைக் காலையிலேயே கரிபிடித்த அலுமினியக் குண்டானில் நிரப்பி, மூடி, வெயிலில் வைத்தால் திருப்பதி வெயில் பாதி வேலையை முடித்துவிடும். மாலையில் குளிக்கிறவர்களுக்கு அடுப்பே தேவைப்படாது.

அடுப்பெரியும் நேரத்தில் கதவும் எதிர்ச் சன்னலும் திறந்திருக்கட்டும். கைக்குழந்தையை அந்த நேரத்தில் முதுகிலோ இடுப்பிலோ வைத்துக்கொண்டு சமைக்க வேண்டாம். பிளாஸ்டிக் பை, ரப்பர், வர்ணம் பூசிய பழைய கதவுத் துண்டு ஆகியவற்றை அடுப்பில் போடவே கூடாது. அவற்றின் புகை விஷம்.

அடுப்பைக் கட்டும் முறை

இப்போது அடுப்புக்கு வருவோம். வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான். 30 முதல் 40 செங்கல், களிமண், மணல், நறுக்கிய வைக்கோல் அல்லது உமி, சாணம், ஓர் இரும்புச் சல்லடை, குழாய். விலை இடத்துக்கு இடம் மாறும், அளவு மாறாது. சாமான் வாங்கும்போது தெலுங்கில் கேட்க வேண்டியிருந்தால், அடுப்பு ‘பொய்யி’, செங்கல் ‘இடுக’, விறகு ‘கட்டெலு’, விறகுக் கடை ‘கட்டெல அடிதி’, புகைபோக்கி ‘பொக கொட்டம்’. ‘பொக ரானி பொய்யி’ என்றால் புகை வராத அடுப்பு என்று எந்தக் கொத்தனாருக்கும் விளங்கும்.

களிமண்ணும் மணலும் சேர்த்து, வைக்கோலும் சாணமும் கலந்து, மிதித்துப் பிசைந்து இரண்டு நாள் ஊறவிடுங்கள். ஒரு உருண்டை பிடித்துக் காய வைத்துப் பாருங்கள். வெடித்தால் மணல் போதவில்லை, உதிர்ந்தால் களிமண் போதவில்லை.

அடுப்பு ஒரு வாயும், இரண்டு பாத்திரக் குழியும், பின்னால் புகைபோக்கியும் கொண்டதாக இருக்கட்டும். முதல் குழி சோற்றுப் பானைக்கு, இரண்டாவது குழி வெந்நீருக்கோ குழம்புக்கோ. குழியின் அளவை வாயால் சொல்லாமல், தினமும் புழங்கும் பாத்திரத்தையே ஈர மண்ணில் வைத்துச் சுற்றிலும் மண்ணை அணைத்து அளவெடுங்கள். பாத்திரத்துக்கும் மண்ணுக்கும் இடையே புகை கசிய இடமிருக்கக் கூடாது. தீக்கும் பாத்திரத்தின் அடிக்கும் இடையே 5, 6 அங்குலம் இருந்தால் போதும். விறகு வைக்கும் வாய் ஐந்தாறு அங்குல அகலத்துக்கு மேல் வேண்டாம். வாய் பெரிதானால் விறகை அள்ளித் திணிக்கத் தோன்றும், குளிர்ந்த காற்றும் உள்ளே போய்ச் சூட்டைக் கெடுக்கும்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குல உயரத்தில் இரும்புச் சல்லடை. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கம்பித் துண்டுகளை விரல் இடைவெளியில் பதித்தாலும் போதும். விறகு அதன்மேல் எரியும், சாம்பல் கீழே விழும், காற்று அடியிலிருந்து வரும். ஊதாங்குழலுக்கு வேலை குறைந்துவிடும். முதல் குழியிலிருந்து இரண்டாவது குழிக்குப் போகும் சுரங்கம் சற்று மேல்நோக்கிச் சாய்வாக இருக்க வேண்டும். கட்டி முடித்த அடுப்பை நிழலில் பத்துப் பதினைந்து நாள் காயவிட்டு, அதன் பிறகே தீ மூட்ட வேண்டும். அவசரப்பட்டால் வெடிப்பு விழும்.

பணம் போக வேண்டிய இடம்

இதுவரை சொன்னதில் பெருஞ்செலவு எதுவுமில்லை. காசு செலவழிய வேண்டியது குழாயில்தான். நான்கு அங்குல விட்டமுள்ள நாகத் தகட்டுக் குழாய் நல்லது. சுட்ட மண் குழாயும் ஆகும். பிளாஸ்டிக் குழாய் உருகித் தீப்பிடிக்கும், கூடவே கூடாது. சாதாரண உயரமுள்ள அறைக்கு மூன்றடித் துண்டுகள் நான்கு வேண்டியிருக்கும். குழாய் கூரைக்கு மேல் இரண்டு மூன்றடி நீட்டிக்கொண்டிருந்தால்தான் காற்றில் புகை திரும்பி உள்ளே வராது. மழைத் தண்ணீர் இறங்காமல் உச்சியில் தகட்டுத் தொப்பி ஒன்று வேண்டும்.

கூரையின் ஜாதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கீற்றுக் கூரையானால் குழாய் அதைத் தொடவே கூடாது. அகலமான தகடு வைத்து இடைவெளி விட வேண்டும், அல்லது சுவர் வழியே வெளியே கொண்டுபோக வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டுக் கூரையை நீங்களாக அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குப் பொல்லாதது. அத்தகைய வீட்டிலும், கான்கிரீட் தளம் போட்ட வீட்டிலும் சுவர்தான் வழி. குழாய் படுக்கையாகப் போகும் தூரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, வெளியே வந்ததும் நேராக மேலே ஏற்றிவிடுங்கள்.

வேலை சரியாக நடந்ததா என்று அறிய ஓர் ஊதுபத்தி போதும். அடுப்பை மூட்டி, குழிகளில் பாத்திரத்தை வைத்துவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியை அடுப்பு வாய்க்கருகே பிடியுங்கள். அதன் புகை உள்ளே இழுக்கப்பட்டால் குழாய் வேலை செய்கிறது. வெளிப்பக்கம் வந்தால் எங்கோ அடைப்பு, அல்லது கசிவு.

வாடகை வீடாயிற்றே, சுவரில் துளை போட விடுவார்களா என்று கேட்கலாம். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள். புகையால் அவர் வீட்டுச் சுவரும் கூரையும் கறுத்துப்போவது நிற்கும் என்பதை எடுத்துச் சொன்னால் பலர் சம்மதிப்பார்கள். காலி செய்யும்போது துளையை அடைத்துத் தருவதாக ஒப்புக்கொள்ளுங்கள். குழாயும் சல்லடையும் உங்கள் சொத்து, கழற்றி அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போகலாம். சம்மதிக்காத இடத்தில், மண்ணடுப்பை முற்றத்துக்கோ தாழ்வாரத்துக்கோ மாற்றுவதும், இரும்பாலான கையடக்க அடுப்பை வாங்குவதும் அடுத்த வழிகள். வாங்குவதானால் ஐ.எஸ். 13152 என்ற இந்தியத் தர எண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதையும் வெளியிலோ வாசலருகிலோ வைத்துத்தான் எரிக்க வேண்டும்.

மாதத்தில் ஒரு நாள்

மூன்று கோடி அடுப்புகளில் பல பாழாய்ப் போனது இந்த ஒரு நாளை ஒதுக்காததால்தான். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் நாரைக் கட்டாகக் கட்டி, கயிற்றில் ஒரு கல்லோடு சேர்த்துக் குழாயின் உச்சியிலிருந்து இறக்கி ஏற்றினால் கரி உதிர்ந்துவிடும். அடுப்பு ஆறிய பிறகே இதைச் செய்ய வேண்டும். குழாய்க்குள் தடித்துப்போகும் கரி, புகையை அடைப்பதோடு ஒருநாள் தானே தீப்பற்றவும் கூடும். சாம்பலைத் தினமும் வாரிவிடுங்கள், பாத்திரம் துலக்க ஆகும். வெள்ளிக்கிழமை வீடு மெழுகும்போது அடுப்பின் வெடிப்புகளையும் சேர்த்து மெழுகிவிட்டால் கசிவு இராது.

இந்த வேலையைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டக் கூடாது. கூரையேறிக் குழாயைச் சுத்தம் செய்வது ஆண்களின் பொறுப்பாக இருக்கட்டும். சமைக்கிறவளுக்குத்தான் புகை, நமக்கென்ன என்றிருந்தால், அடுத்த மழைக்காலத்தில் அடுப்பு பழைய நிலைக்கே போய்விடும்.

காட்டு விறகு வேண்டாம்

அலிபிரியில் வீட்டுக்குப் பின்னால் மலையும் காடும் தெரிகின்றன. விறகுக்குக் காசு கொடுப்பானேன், நாலு சுள்ளி பொறுக்கி வந்தால் என்ன என்று தோன்றும். அந்தக் காட்டில் 1989-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்கா இருக்கிறது. சேஷாசலம் மலைத்தொடர் 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. உள்ளே போய் மரம் எடுப்பது வனச் சட்டப்படி குற்றம். செம்மரம் இருக்கும் இடம் என்பதால் சந்தேகக் கண் அதிகம். மொழி தெரியாத தமிழன் அரிவாளோடு காட்டோரம் நின்றால் எதற்கு வந்தான் என்று விளக்குவதே பெரும்பாடு. 2015-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி இந்த சேஷாசலக் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் மாண்டதை நம்மவர் யாரும் மறந்திருக்க முடியாது.

போதாததற்குச் சிறுத்தை. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையிலேயே பெற்றோருடன் ஏறிச்சென்ற ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை தூக்கிச்சென்று கொன்றது. ஒரு கட்டு விறகுக்காக இந்த ஆபத்தெல்லாம் வேண்டாம். சவுக்கு, புளி, மா விறகைக் கடையில் வாங்குங்கள். மரம் அறுக்கும் மில்லில் கிடைக்கும் கழிவுத் துண்டும், தேங்காய் ஓடும் நல்ல எரிபொருளே. தேங்காய்க்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

கரிச்சட்டி ஜாக்கிரதை

மார்கழி, தை மாதங்களில் அடிவாரத்திலும் அதிகாலைக் குளிர் உறைக்கும். அப்போது சிலர் இரும்புச் சட்டியில் கனிந்த கரியைப் போட்டு அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். கரியில் புகை இல்லை, ஆகவே கெடுதல் இல்லை என்ற நினைப்பு. இது உயிருக்கு உலை வைக்கும் காரியம். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமும் வரும்போது தூக்கம் என்று நினைத்துக்கொள்வோம். பிறகு எழுந்திருப்பதில்லை. வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் குடும்பம் குடும்பமாக இப்படி இறக்கும் செய்திகள் வருகின்றன. குளிர் காய்வதானால் வாசலில் காயுங்கள். படுக்கும்முன் கனலை அணைத்துவிட்டுப் படுங்கள். அறைக்குள் கம்பளிதான் கணப்பு.

எதை முதலில் செய்வது?

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் விறகைப் பிளந்து காய வையுங்கள், மூடி போட்டுச் சமையுங்கள். அடுத்த சம்பளத்தில் சல்லடையும் செங்கல்லும் வாங்கி அடுப்பைக் கட்டிக் காயவிடுங்கள். அதற்கடுத்த சம்பளத்தில் குழாய். அதுவரை அறைக்குள் விறகு எரிப்பதைக் குறைத்து, முடிந்ததை வாசலில் செய்துகொள்ளுங்கள். இடையில் ஒரு நாள் காஸ் ஏஜென்சிக்கும் போய் விசாரித்து வந்துவிடுங்கள்.

பக்கத்துப் போர்ஷன்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டால் கொத்தனார் கூலியும் வண்டிச் சத்தமும் பங்காகிவிடும். சேர்ந்து வாங்கினால் குழாயிலும் கொஞ்சம் விலை குறைப்பார்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் அறைச் சுவரில் கரி படிகிறதா என்று பாருங்கள். சுவர் வெளுப்பாகவே இருந்தால், வீட்டிலுள்ளோர் மார்பிலும் அந்த அளவுக்குக் கரி குறைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.